கையெழுத்திடாதவர்

போதலேரின் 'நவீன வாழ்வின் ஓவியன்' கட்டுரையின் பெயரைச் சொல்லாத இலக்கியக்காரர் நம்மிடையே குறைவு. அதை முழுக்கப் படித்தவர் அதைவிடக் குறைவு. யாரை முன்னிட்டு அது எழுதப்பட்டதோ அந்த மனிதரின் சித்திரம் ஒன்றையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தவர் உண்டா என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். இது நம் ஊர்க் குறை மட்டும் அல்ல. வால்டர் பெஞ்சமின் 1930களில் போதலேரைப் பற்றி எழுதுகையிலும், மிஷேல் ஃபூக்கோ 1984ல் அறிவொளி என்றால் என்ன என்று கேட்டு எழுதிய கட்டுரையில் நவீனத்துவத்துக்கு வருகையிலும் கான்ஸ்டான்டின் கீஸ் வந்து போகிறார். இரண்டு இடத்திலும் வருவது போதலேர் வர்ணித்த கீஸ். அவருடைய கோட்டுக்கும் நீர்வர்ணத்துக்கும் அங்கே வேலை இல்லை.

நவீனத்துவம் என்ற சொல்லை நாம் படாத பாடு படுத்தியிருக்கிறோம். அது திட்டுச் சொல்லாகவும் பட்டயமாகவும் கட்சிக் கொடியாகவும் பயன்பட்டாகிவிட்டது. அந்தச் சொல்லுக்கு ஒரு கனம் கூடியது ஒரு பத்திரிகைப் படக்காரரைப் பற்றிய கட்டுரையில். பெரிய காவியக்காரரோ அகாதமி ஓவியரோ அல்ல, வாரப் பத்திரிகைக்குப் படம் அனுப்பிக் கூலி வாங்கிப் பிழைத்த ஒருவர். இதை ருசியான ஒரு தகவலாகச் சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அது தாண்டிப் போகக்கூடிய விஷயம் அல்ல என்று எனக்குப் படுகிறது. கட்டுரையின் பலமும் அங்கேதான் இருக்கிறது, அதன் கோளாறும் அங்கேதான்.

வாழ்க்கையை முதலில் சொல்லிவிடலாம். கீஸ் பிறந்தது 1802 டிசம்பர் 3ஆம் தேதி, ஹாலந்தின் ஃப்ளஷிங் துறைமுகத்தில். தகப்பனார் பிரெஞ்சுக் கடற்படை நிர்வாகத்தில் உத்தியோகம். இளமையில் கிரேக்க விடுதலைப் போரில் பைரனின் பக்கம் நின்றார் என்று ஒரு கதை அவரைச் சுற்றி வந்தபடி இருந்தது. குதிரைப் படையில் இருந்திருக்கிறார். குதிரையை அவர் வரையும் விதத்தைப் பார்த்தால், வெளியிலிருந்து வேடிக்கை பார்த்தவர் அல்ல, மேலே உட்கார்ந்து அதன் அசைவைத் தொடையில் உணர்ந்தவர் என்பது தெரியும். 1840களில் லண்டனில், ஆங்கில நீர்வர்ண மரபின் முன்னோடிகளில் ஒருவரான தாமஸ் கர்ட்டினின் பேரக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர். முறையாக ஓவியம் பயின்றவர் இல்லை. நாற்பதைத் தாண்டிய பிறகே பென்சிலைக் கையில் எடுத்தார் என்று போதலேர் சொல்கிறார். ஆரம்பகாலக் கிறுக்கல்கள் எங்காவது கண்ணில் பட்டால் கீஸ் வெட்கப்பட்டுக் கிழித்துப்போடுவாராம், அல்லது எரித்துவிடுவாராம்.

'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' 1842ல் ஹெர்பர்ட் இங்கிராம் தொடங்கிய வாரப் பத்திரிகை. செய்தியைப் படத்தோடு, படத்துக்காகவே விற்ற முதல் பத்திரிகை அது. கீஸ் அதற்கு ஸ்பெயினிலிருந்தும் துருக்கியிலிருந்தும் படம் அனுப்பினார். 1854ல் பிரிட்டனும் பிரான்சும் துருக்கியோடு சேர்ந்து ரஷ்யாவை எதிர்த்துக் கிரிமியாவில் இறங்கியபோது அங்கிருந்தும் அனுப்பினார். அந்த ஆண்டுகளில் பத்திரிகை வாரம் லட்சம் பிரதிகளுக்கு மேல் போயிற்று.

அவர் அனுப்பிய தாளுக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தாள் கப்பலேறி லண்டன் வந்து சேரும். அங்கே வேறொருவர் அதைப் பார்த்து, பாக்ஸ் என்ற கெட்டி மரத்தின் வழவழப்பான முகத்தில், இடம் வலமாக மாற்றி மறுபடி வரைவார். பாக்ஸ் மரம் பருத்து வளர்வதில்லை. ஆகவே பெரிய படம் என்றால் பல சிறு கட்டைகளைச் சேர்த்துத்தான் ஒரு பலகையாக்க வேண்டும். அவசரம் என்றால் அந்தத் துண்டுகளைப் பிரித்து ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிடுவார்கள். ஒருவர் வானத்தைச் செதுக்கிக்கொண்டிருக்கையில் இன்னொருவர் குதிரைக் கால்களைச் செதுக்குவார். பிறகு சேர்த்து முடுக்கி, சேர்ந்த இடம் தெரியாமல் கோடுகளை இழுத்துவிட்டு அச்சுக்கு அனுப்புவார்கள். பக்கத்தில் வந்து விழும் படத்தில் சிப்பாய்கள் எல்லாரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைகள் மாதிரி நிற்பார்கள். கீஸின் துடிப்பான கோடு இருந்த இடத்தில் உழுத வயலைப்போல் சீரான சாம்பல் வரிகள். கீழே படக்காரரின் பெயர் கிடையாது. எங்கள் சிறப்புச் சித்திரக்காரர் அனுப்பியது என்று போடுவது அந்தத் தொழிலின் வழக்கம்.

அப்படியானால் அவர் எதில் கையெழுத்துப் போடுவது? அனுப்பிய தாள் கட்டை செதுக்குகிறவர்களுக்கான ஒரு கடிதம். அதன் ஓரங்களில் இங்கிலீஷில் குறிப்புகள் இருக்கும்: இன்ன படைப்பிரிவு, இன்ன நிறக் கோட்டு, இன்ன இடத்திலிருந்து பார்த்தது என்று. அச்சான படமோ அவர் வரைந்தது அல்ல. கீஸின் பெயரின்மையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தச் சாதாரண விவரத்திலிருந்து தொடங்குவதில்லை. அடக்கம் என்கிறார்கள், அகந்தை அழிந்த நிலை என்கிறார்கள், படைப்பாளியின் மரணம் என்கிற அளவுக்கும் போய்விட்டார்கள். ஒரு தொழிலின் நடைமுறை மனிதரின் சுபாவமாகவே ஊறிவிட்டது என்பதுதான் நான் காண்பது. பதினைந்து இருபது ஆண்டுகள் பெயரில்லாமல் வேலை செய்தவருக்குப் பெயர் போடுவது கூச்சம் தரும் காரியமாகிவிடுகிறது. லண்டனில் தாக்கரே ஒரு சிறு பத்திரிகையில் அவரைப் பற்றி எழுதியபோது மானபங்கம் நேர்ந்ததுபோல் கோபப்பட்டார் என்பது போதலேர் சொல்லும் செய்தி.

இதற்கு எதிராக ஒரு படம் இருக்கிறது. 1854 நவம்பர் 5ஆம் தேதி இன்கெர்மனில் நடந்த சண்டைக்குப் பிறகான களம். பிணங்கள் கோணல்மாணலாகக் குவிந்து கிடக்கின்றன. நரைமீசைக் குதிரைவீரர் ஒருவர் தலையை நிமிர்த்திக் காற்றை முகர்வதுபோல் வருகிறார். குதிரை தலையைத் தாழ்த்தித் தரையை மோப்பம் பிடித்துச் செத்தவர்களுக்கிடையே கால் வைக்க இடம் தேடுகிறது. படத்தின் மூலையில் மூன்று சொற்கள்: 'இன்கெர்மனில் நான்'. போதலேர் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். கவனித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார். எனக்கு இந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை. பெயரை எங்கும் எழுதாத மனிதர் 'நான்' என்று எழுதுகிறார். கையெழுத்து என்பது இது என்னுடையது என்று சொல்வது. 'இன்கெர்மனில் நான்' என்பது நான் அங்கே இருந்தேன் என்று சொல்வது. முன்னது சொத்துப் பத்திரம், பின்னது சாட்சி வாக்குமூலம். சாட்சி தன் பெயரை விளம்பரப்படுத்திக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் இடத்தில் இருந்தாக வேண்டும். கீஸின் கலை முழுவதும் இந்த இருத்தலின் மேல் நிற்கிறது என்பது என் கட்சி. போதலேரின் கட்டுரை, அதன் மகத்தான பகுதிகளிலேயே, இதைத் தளர்த்திவிடுகிறது.

அடுத்த ஆண்டு, 1855ல், ராஜர் ஃபென்டன் காமிராவைத் தூக்கிக்கொண்டு அதே கிரிமியாவுக்குப் போனார். ஒரு மதுவியாபாரியின் வண்டியை இருட்டறையாக மாற்றி எடுத்துப்போய் முந்நூற்றைம்பதுக்கு மேற்பட்ட படங்களோடு திரும்பினார். அன்றைய காமிராவுக்கு முன்னால் எல்லாம் சில நொடிகள் அசையாமல் நின்றாக வேண்டும். ஆகவே கூடாரங்கள், நாற்காலியில் அமர்ந்த அதிகாரிகள், குண்டுகள் உருண்டு கிடக்கும் வெறும் பள்ளத்தாக்கு. குதிரை ஓடவில்லை, பிணமும் இல்லை. அசைவைப் பிடிக்க இன்னும் கைதான் வேண்டியிருந்தது. வரலாற்றில் மிகக் குறுகிய ஒரு இடைவெளி அது. பத்திரிகை வந்துவிட்டது, காமிரா இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. கீஸின் தொழில் அந்த இடைவெளியில் முளைத்து, அது மூடியதும் முடிந்துபோயிற்று. 1859ஆம் ஆண்டின் ஓவியக் கண்காட்சியைப் பற்றி எழுதும்போது புகைப்படத்தின்மேல் சீறி விழுந்த போதலேர், அந்தச் சீற்றம் ஆறுவதற்குள் கீஸ் கட்டுரையில் இறங்கினார் என்பது தற்செயல் அல்ல. இருவருக்கும் நெருங்கிய நண்பராக இருந்தவரோ அந்தக் காலத்தின் மிகப் பெரிய புகைப்படக்காரர் நாதார். இதில் ஒரு வேடிக்கை இருக்கத்தான் செய்கிறது.

கட்டுரைக்கு வருகிறேன். அது வெளியான வரலாறே நம்மைப் போன்றவர்களுக்கு ஆறுதல் தரக்கூடியது. 1859, 1860 வாக்கில் எழுதி முடித்ததை வைத்துக்கொண்டு போதலேர் மூன்று ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகைகளின் வாசல் ஏறி இறங்கியிருக்கிறார். கடைசியில் 'ஃபிகாரோ' 1863 நவம்பர் 26, 29, டிசம்பர் 3 என்று மூன்று தவணையாக வெளியிட்டது. மூன்றாவது தவணை வந்த நாள் கீஸின் அறுபத்தோராவது பிறந்தநாள். கட்டுரையில் அவர் பெயர் இல்லை. 'திரு. ஜி' என்று ஒரே ஒரு எழுத்து. தன்னைப் பற்றி எழுதுவதானால் பெயரை நீக்கிவிட வேண்டும் என்று நண்பர் கட்டளையிட்டதாகவும், தான் பணிந்ததாகவும், அப்படி ஒரு ஆள் இல்லவே இல்லை என்று பாவித்துக்கொள்வோம் என்றும் வாசகனிடம் சொல்கிறார்.

ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1861ல் வந்த 'தீமையின் மலர்கள்' இரண்டாம் பதிப்பில், 'பாரிஸ் கனவு' என்ற கவிதையை முழுப் பெயரோடு கான்ஸ்டான்டின் கீஸுக்குச் சமர்ப்பித்தவரும் இதே போதலேர்தான். பெயர் ஏற்கெனவே ஊருக்குத் தெரியும். ஆகவே 1863ன் மறைப்பு ஓரளவு நாடகம். அதைவிட அந்தச் சமர்ப்பணம் என்னை உறுத்துகிறது. அந்தக் கவிதையில் தெரியும் நகரத்தில் மரமில்லை, மனிதரில்லை, சூரியனும் இல்லை. உலோகமும் பளிங்கும் நீரும் தாமாகவே ஒளிவிட்டு நிற்கின்றன. கடைசியில் கனவு கண்டவன் தன் தரித்திர அறையில் நண்பகல் மணியோசைக்குக் கண் விழிக்கிறான். வாழ்நாள் முழுதும் ஜனத்தை, ஜனத்தை மட்டுமே வரைந்த ஒருவருக்கு ஜனமே இல்லாத ஒரு நகரம் காணிக்கை! இதை எப்படி எடுத்துக்கொள்வது? கீஸ் போதலேருக்கு எதிர்த் துருவமாக இருந்தார் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. ஜனத்துக்குள் இறங்க முடிந்த ஒருவரைப் பார்த்து, இறங்க முடியாத கவிஞன் கொண்ட பொறாமை கலந்த காதல். கட்டுரையின் சூடு அங்கிருந்து வருகிறது.

அந்தச் சூட்டில் பிறந்த உருவம்தான் இன்று எல்லோருக்கும் தெரிந்த திரு. ஜி. நோயிலிருந்து மீண்டவன்போல், குழந்தையைப்போல், எதையும் புதிதாகக் காண்கிறவர். பகலெல்லாம் கூட்டத்தில் கரைந்து திரிகிறார். ஊர் தூங்கும் நேரத்தில் விளக்கடியில் குனிந்து, வாள்வீச்சுக்காரரைப்போல் பென்சிலையும் பேனாவையும் தூரிகையையும் வீசி, பேனாவைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, தப்பி ஓடிவிடுமோ என்ற பயத்தில் பகலின் பிம்பங்களைப் பிடிக்கிறார். மாதிரியை எதிரே வைத்து வரைவதில்லை, நினைவிலிருந்து மட்டுமே. பெஞ்சமினை ஈர்த்ததும் ஃபூக்கோவை ஈர்த்ததும் இந்த இரவுக் காட்சிதான். என்னையும் ஈர்க்கிறது. போதலேர் வெறும் உரைநடையில் செய்திருக்கும் மிகச் சிறந்த காரியங்களில் ஒன்று இது.

ஆனால் கிரிமியாவின் தாள்கள் இந்த உருவத்துக்குள் அடங்குவதில்லை. அங்கே விளக்கும் இல்லை, மறதி வடிகட்டித் தரும் நினைவும் இல்லை. கப்பல் புறப்படுவதற்குள் முடித்தாக வேண்டும். வேகம் என்பது அங்கே தபாலின் வேகம். போதலேர் கிரிமியப் படங்களைப் பற்றி ஒரு முழு அத்தியாயம் எழுதுகிறார். எந்தப் பத்திரிகைச் செய்தியும் எந்தப் புத்தகமும் அந்தப் போரை இவ்வளவு முழுமையாகச் சொல்லவில்லை என்கிறார். பாலக்லாவா குதிரைப்படைப் பாய்ச்சல், ஸ்குடாரி ஆஸ்பத்திரி என்று ஒன்றொன்றாக எடுத்துக் காட்டுகிறார். இதெல்லாம் அச்சான படங்களைப் பார்த்து எழுதியது அல்ல, மூலத் தாள்களைப் புரட்டி எழுதியது. அவர் அதற்கு முன்பே வகுத்துவிட்ட நினைவுக் கொள்கைக்கும் இந்தத் தாள்களுக்கும் எப்படிப் பொருத்தம் என்ற கேள்வியை அவர் கேட்டுக்கொள்வதில்லை. இரண்டு கீஸ் இருக்கிறார்கள்: களத்தில் நின்ற நிருபர், இரவில் நினைவுகூரும் கவி. கவி நிருபரை விழுங்கிவிட்டான். ஏனென்றால் அந்தக் கவியின் பெயர் போதலேர்.

படங்களைப் பற்றி என் அபிப்பிராயத்தைச் சொல்லியாக வேண்டும். நான் பார்த்தவை புத்தகங்களில் அச்சான பிரதிகள். அச்சுக்காக வரைந்தவரை அச்சில் பார்ப்பதில் பெரிய துரோகம் இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நீர்வர்ணத்தில் தாளின் வெண்மை எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்பதை எந்த அச்சும் தராது. அவர் வேலை செய்யும் முறையைப் போதலேர் துல்லியமாகச் சொல்லியிருக்கிறார். முதலில் பென்சிலால் லேசாக இடத்தை மட்டும் குறித்துவிடுகிறார். அப்புறம் நீரில் கரைத்த மையைத் தளம் தளமாகப் பூசுகிறார். முதலில் மெல்லியதாக, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இருட்டிக்கொண்டு. கடைசியில்தான் மையால் புறக்கோடு. எந்தக் கட்டத்தில் நிறுத்தினாலும் அது ஒரு படமாக இருக்கும். முழுமை பெறாததற்கும் முடிந்துவிட்டதற்கும் இடையில் உள்ள வேலியைப் பிடுங்கி எறிந்த காரியம் இது. பிற்பாடு வந்த ஓவிய இயக்கங்கள் பேசியவற்றில் பாதி இந்த ஒரு பழக்கத்தில் அடங்கியிருக்கிறது.

ஒரு வண்டி, இரண்டு குதிரை, வண்டியில் ஒரு பெண் என்ற அமைப்பைத் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார். குதிரையின் மார்பு ஒரே வளைவு. கால்கள் ஈர்க்குச்சிகள். வண்டியின் அடிப்பாகத்தில் மை திரண்டு ஒரு கரும்பள்ளம். மேலே பெண்ணின் உடுப்பு வர்ணமே தொடாத வெற்றுத் தாள். இந்தக் கருமைக்கும் வெண்மைக்கும் இடையிலேயே வண்டி ஓடிவிடுகிறது. சக்கரத்தை அவர் சுழற்றத் தேவையில்லை. ஆனால் முகங்கள்? பெரிய விழிகள், சின்ன வாய். ராணியும் வேசியும் அக்காள் தங்கைபோல் இருப்பார்கள். கைகளை முடித்தவரைக்கும் போதும் என்று விட்டுவிடுகிறார். ஒரு மனிதன் உள்ளுக்குள் என்ன ஆகிக்கொண்டிருக்கிறான் என்பது இவர் கோட்டுக்கு எட்டாது. அதற்கு தோமியேரிடம் போக வேண்டும். தோமியேரின் ஒரு வக்கீலின் முதுகில் உள்ள மனித ஞானம் கீஸின் நூறு தாள்களில் இல்லை. இதைப் போதலேர் அறியாதவரா? 1845லேயே தோமியேரின் கோட்டை ஆங்க்ர், தெலாக்ருவா ஆகியோரின் கோட்டுக்குச் சமமாக வைத்தவர். 1857ல் பிரெஞ்சுக் கேலிச்சித்திரக்காரர்களைப் பற்றி எழுதியவர். தெரிந்தேதான் கீஸை எடுத்தார்.

தெரிந்தே எடுத்தார் என்பதால்தான், மானேவை விட்டுவிட்டு ஒரு சில்லறைக் கலைஞரை எடுத்தது போதலேரின் சறுக்கல் என்று வழிவழியாகச் சொல்லப்பட்டுவரும் தீர்ப்பை நான் ஏற்பதில்லை. தீர்ப்புச் சொல்கிறவர்களின் கணக்கு எளிது. மானே 'துய்லரி தோட்டத்தில் இசை' வரைந்தது 1862ல், அந்தக் கூட்டத்தில் போதலேரே ஒரு தலையாக நிற்கிறார். 'புல்வெளியில் விருந்து' நிராகரிக்கப்பட்டவர்களின் கண்காட்சியில் ஊரைக் கலக்கியது 1863ல், அதாவது கட்டுரை வெளியான அதே ஆண்டு. கண்முன்னே இருந்த மகா ஓவியரைக் காணாமல் பத்திரிகைப் படக்காரரின் பின்னால் போய்விட்டாராம். கட்டுரை அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது என்பது ஒரு பதில். ஆனால் அது குமாஸ்தாவின் பதில். உண்மையான பதில் வேறு. மானேவின் கண் எப்போதும் மியூசியத்தின்மேல் இருந்தது. தித்சியானோவோடும் வெலாஸ்கெஸோடும் அவர் வழக்காடிக்கொண்டிருந்தார். நிலையாக நிற்கப் போவதைத் தெரிந்துகொண்டு வரையும் ஒருவரை வைத்து, கணத்தில் தோன்றிக் கணத்தில் மறைவதைக் கலையின் ஒரு பாதியாக்கும் கொள்கையை எழுத முடியாது. அதற்குத் தாளோடு தாளாக மறையவும் தயாராக இருந்த ஒருவர் வேண்டும். கட்டுரையின் ஆரம்பத்தில் போதலேர் எதை எடுத்து வைத்துக்கொண்டு பேசுகிறார் என்று பாருங்கள்: புரட்சிக் காலத்திலிருந்து தொடங்கும் பழைய உடைநாகரிகப் படங்களை. தையற்கடைச் சுவரில் தொங்கிய சமாசாரம். அங்கிருந்து பத்திரிகைப் படத்துக்கு வருவது ஒரே தளத்தில் நடப்பது. மானேவுக்குப் போவதானால் மாடிப்படி ஏற வேண்டும்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. பெயரில்லாத ஒருவரைப் பற்றி எழுதும்போது விமர்சகனுக்குக் கிடைக்கும் சுதந்திரம் அபாரமானது. எதிரே மறுப்பதற்கு ஆள் இல்லை. தன் கொள்கையை முழுக்க அவர்மேல் ஏற்றிவிடலாம். கையெழுத்து என்பது யாரும் போலி செய்துவிடக்கூடிய சில எழுத்துகள், இவருடைய ஆன்மாவே இவர் கையெழுத்து என்று போதலேர் சொல்கிற இடம் கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அந்த ஆன்மா யாருடையது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். அலங்காரத்தின் புகழும், டாண்டியின் தத்துவமும், இயற்கைமேல் வெறுப்பும் கீஸின் தாள்களில் எங்கே இருக்கின்றன? அவை போதலேரின் பழைய பிடிவாதங்கள். ஒரு பெரிய மனம் ஒரு சின்ன வீட்டில் குடியேறி அதைத் தன் பொருள்களால் நிரப்பிவிட்டது. வீட்டுக்காரர் வாசல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்.

நம் பத்திரிகைகளிலும் இது நடப்பதுதான். மூன்று கவிதை எழுதிய ஒருவரைப் பிடித்துக்கொண்டு, படித்த தத்துவம் எல்லாவற்றையும் அவர் தலையில் கொட்டிவிடுகிறோம். கட்டுரை நிற்கிறது, ஆள் காணாமல் போய்விடுகிறார். வித்தியாசம் என்னவென்றால் நம்மவர்கள் போதலேர்கள் அல்ல. ஆகவே பல சமயம் கட்டுரையும் நிற்பதில்லை.

திரு. ஜி என்ற பாத்திரம் 1863ல் முடிந்துபோகிறது. கீஸ் அதற்குப் பிறகு முப்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக வாழ்ந்தார். போதலேர் 1867ல் இறந்துவிட்டார். பேரரசு 1870ல் விழுந்தது. அவர் வரைந்த அணிவகுப்புகளும் அரசவை வண்டிகளும் ஒரே ஆண்டில் பழங்கதை ஆயின. பத்திரிகை வேலையும் கிடையாது. 1860க்குப் பிறகு பாரிஸிலேயே தங்கி, மது விடுதிகள், நடனக் கூடங்கள், விலைமாதர் வீடுகள் என்று வரைந்துகொண்டிருந்தார். மிகக் குறைந்த விலைக்கு விற்றார். இந்தப் பிற்காலப் படங்களில் வர்ணம் வற்றிக்கொண்டே போகிறது. பழுப்பும் சாம்பலும் ஒரு கீற்று நீலமும். பெண்கள் கதவோரத்தில் இரண்டு இரண்டு பேராக நிற்கிறார்கள். மணியைக் கவிழ்த்தமாதிரிப் பாவாடை, அதற்கு மேலே இடுப்பு, மேலே ஒரு கரும்புள்ளியாகக் கொண்டை. யாரும் யாரையும் பார்ப்பதில்லை. என் வரையில் கீஸ் மிக உயர்ந்து நிற்பது இங்கேதான். விறுவிறுப்பு போய்விட்டது. போதலேரின் வெளிச்சமும் இங்கே விழவில்லை. வாடிக்கைக்காரன் வரும் வரைக்கும் காத்திருக்கும் நேரத்தை, ஒன்றுமே நடக்காத நேரத்தை இவ்வளவு அமைதியாக வரைந்தவர் அதுவரை உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. துலூஸ் லோத்ரெக் பிற்பாடு அதே வீடுகளுக்குள் போனார். ஆனால் அவருக்கு அந்தப் பெண்களின் பெயர் தெரியும். கீஸுக்கு இங்கேயும் பெயர் இல்லை.

அவர் எப்படிப்பட்ட மனிதர்? கோன்கூர் சகோதரர்களின் 1858ஆம் ஆண்டு நாட்குறிப்பில் ஒரு சித்திரம் கிடைக்கிறது: ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவித் தாவி, கொச்சையும் படிப்பும் கலந்து, கேட்பவர் கண்முன் காட்சி எழும்படி ஓயாமல் பேசுகிற மனிதர். எழுத்தில் வாய் திறக்காதவர் பேச்சில் அடங்காதவராக இருந்திருக்கிறார். 1880ஐ ஒட்டி மானே அவரைப் பாஸ்டலில் வரைந்திருக்கிறார். வெள்ளைத் தாடி, பக்கவாட்டில் திரும்பிய பார்வை. மானேவா கீஸா என்று நாம் நடத்தும் வழக்கு அவர்கள் இருவருக்கும் இடையில் இருந்ததாகத் தெரியவில்லை.

போதலேரின் கட்டுரை கடைசி அத்தியாயமாக எடுத்துக்கொள்வது வண்டிகளை. ஓடும் வண்டிக்கு, கப்பலைப்போல, சிக்கலான ஒரு அழகு உண்டென்றும் அதை விரைந்து குறித்துக்கொள்வது மிகக் கடினம் என்றும், திரு. ஜி அதில் கைதேர்ந்தவர் என்றும் சொல்லி முடிக்கிறார். 1885ல், எண்பத்திரண்டு வயதில், ஹாவ்ர் தெருவில் ஒரு வண்டி கீஸின்மேல் ஏறியது. கால்கள் முறிந்தன. தியூபுவா இல்லம் என்று அழைக்கப்பட்ட நகராட்சி மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கிருந்து அவர் திரும்பவில்லை. ஏழு ஆண்டுகள் படுக்கை. தெருவில் இருப்பதே தொழிலாக இருந்த மனிதருக்கு ஏழு ஆண்டுகள் தெரு இல்லை.

1892ல் இறந்தார். கடைசிவரை விடாமலிருந்த நாதார் அவரைப் பற்றி எழுதிய நினைவுக் கட்டுரை 'ஃபிகாரோ'வில் வந்தது. 1863ல் ஒற்றை எழுத்து அச்சான அதே பத்திரிகையில் இப்போது முழுப் பெயர். 1904ல் குஸ்தாவ் ழெஃப்ருவா அவரைப் பற்றி ஒரு தனிப் புத்தகம் எழுதி, இரண்டாம் பேரரசின் சரித்திரகர்த்தா என்று பட்டம் கொடுத்தார். சாட்சியைச் சரித்திரகர்த்தா ஆக்குவதும் ஒரு பதவி உயர்வுதான். ஆனால் கவி என்று சொல்வதைவிட இது உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவருடைய தாள்கள் இன்று பாரிஸிலும் நியூயார்க்கிலும் வேறு ஊர்களிலும் மியூசியங்களில் கண்ணாடிக்குள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் கையெழுத்தும் இல்லை, தேதியும் இல்லை. எது முந்தியது, எது பிந்தியது என்று கேட்டால், பெண்ணின் பாவாடை எவ்வளவு அகலம் என்று பார்த்துத்தான் ஆண்டைக் கணிக்கிறார்கள்.